தீவுக் காவலுக்கு எப்படிப்பட்ட ஆள் வேண்டும்?

போன மாதம் ஒரு இளம் வனச்சரகர் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். நான் வனவராக இருந்து ஓய்வு பெற்றவன். பாதிக் காலம் மேற்கு மலையில், மீதிக் காலம் ராமநாதபுரம் கரையில். "சார், ஆள் வேணும்னு மேலே எழுதப் போறோம். எத்தனை பேருன்னு மட்டும் எழுதாம, எப்படிப்பட்ட ஆள், என்ன பயிற்சின்னும் சேர்த்து எழுதலாம்னு இருக்கேன். நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டார். அன்றைக்கு நான் சொன்னது அரைகுறை. நிதானமாக யோசித்ததை இங்கே எழுதுகிறேன். வேலைக்குப் படித்துக்கொண்டிருக்கும் இந்தக் கரைப் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் இது பயன்படலாம்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். பாம்பன் தொடங்கி தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். மண்டபம் பக்கம் ஏழு, கீழக்கரை பக்கம் ஏழு, வேம்பார் பக்கம் மூன்று, தூத்துக்குடி பக்கம் நான்கு. 1986இல் இவற்றையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டரைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் தண்ணீருக்குள் போய்விட்டன. மற்றவற்றையும், அவற்றைச் சுற்றி இருக்கும், பார் என்று நாங்கள் சொல்லும் பவளத் திட்டுகளையும், கடல் புல்லையும், ஆவுளியா என்ற கடல் பசுவையும், ஆமையையும், கடல் தரையில் ஊரும் கடல் அட்டையையும் காப்பது சில சரகங்களின் கையில் இருக்கிறது. ரோந்துப் படகில் நாங்கள் நான்கு பேர் போவோம்: வனவர், காப்பாளர், காவலர், படகோட்டி. நாலு பேரில் ஒருவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாவிட்டால் இன்னொருவர் அவரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மீதி இரண்டு பேரை வைத்துக்கொண்டு வத்தை என்ற சிறு நாட்டுப் படகைக்கூட மறிக்க முடியாது. ஆளெடுப்பைப் பற்றி நான் இவ்வளவு யோசிப்பதற்குக் காரணம் அதுதான்.

இப்போது உள்ள வழி தேர்வு. முன்பு வனச்சீருடைப் பணியாளர் தேர்வுக் குழுமம் தனியாக நடத்தியது. 2024இலிருந்து டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வோடு சேர்த்துவிட்டார்கள். வனக்காப்பாளருக்கு அறிவியல் பாடத்தோடு பிளஸ் டூ, வனக்காவலருக்குப் பத்தாம் வகுப்பு. 200 கேள்வி, அதில் 100 தமிழ். தேறியவர்களுக்கு உயரமும் மார்பளவும் பார்ப்பார்கள். பிறகு நடை: ஆண்கள் 4 மணி நேரத்தில் 25 கிலோமீட்டர், பெண்கள் 16 கிலோமீட்டர். அடிப்படைச் சம்பளம் காப்பாளருக்கு 18,200 ரூபாய், காவலருக்கு 16,600 ரூபாய்.

இந்த வழியை நான் மதிக்கிறேன். யார் சிபாரிசும் வேண்டாம், யார் வீட்டு வாசலிலும் நிற்க வேண்டாம். கமுதி, முதுகுளத்தூர் பக்கத்துக் கருவேலங்காட்டு ஊர்களிலிருந்து நூலகத்தில் படித்துத் தேறி வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்த நியாயத்தை எந்தப் புது ஏற்பாடும் கெடுத்துவிடக் கூடாது.

ஆனால் அந்த நடைத் தேர்வு! மலைக்கு அது பொருத்தமான சோதனை. விடியற்காலையில் கிளம்பிச் சரிவில் ஏறி இறங்கி, இருட்டுவதற்குள் முகாம் சேர வேண்டிய இடத்தில் கால்தான் எல்லாம். எங்கள் தீவுகளில் மண்டபத்துக்கு எதிரே இருக்கும் முயல் தீவுதான் பெரியது. அதுவே 129 ஹெக்டேர். அதைச் சுற்றிச் சுற்றி வந்தால்தான் 25 கிலோமீட்டர் தேறும். நீந்தத் தெரியுமா, படகில் நிற்க முடியுமா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். புதிதாக வந்த காப்பாளர் ஒருவர், நல்ல உடற்கட்டு, நடையில் முதல் ஆளாக வந்தவர். ஆனி மாதம், தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று வலுத்திருந்தது. மனோலித் தீவைத் தாண்டியதும் வாந்தி எடுக்க ஆரம்பித்தார். அரைமணி நேரத்தில் பலகையைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். முகம் வெளுத்துக் கை சில்லிட்டுப்போனது. தூரத்தில் பாருக்கு மேலே ஒரு வத்தை நின்றது எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது. போகவில்லை, திரும்பினோம். கரையில் இறங்கியபோது, "சார், எனக்கு நீச்சல் தெரியாது. பயத்துல சொல்லல" என்றார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். கேட்காத ஒன்றை அவர் ஏன் சொல்ல வேண்டும்? சில மாதத்தில் மாறுதல் வாங்கிப் போய்விட்டார். அந்த இடம் நிரம்ப ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

எல்லோரும் அப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பி, சாயங்காலம் ஊரணியில் சின்னப் பையன்களோடு இறங்கி மூன்று மாதத்தில் நீந்தக் கற்றுக்கொண்டார். பறிமுதல் செய்ததைப் பதியும் மகஜரை அவர் எழுதினால் அதில் ஒரு ஓட்டை இருக்காது. ஆனால் அது அவருடைய மனஉறுதி. எல்லோரிடமும் அது இருக்கும் என்று நம்பி ஒரு சரகத்தை நடத்த முடியாது.

இரண்டாவது வழி, மலைச் சரகங்களில் இருக்கும் அனுபவசாலிகளை இங்கே மாற்றுவது. அவசரத்துக்கு இதுதான் நடக்கிறது. சட்டமும் வழக்கும் அவர்களுக்கு அத்துப்படி. கடல் புதிது. கற்றுக்கொள்ளும் நேரத்தில் மாறுதல் வந்துவிடும். நானே அப்படி வந்தவன்தான். பார் எது, மணல் எது என்று தண்ணீரின் நிறத்தை வைத்துச் சொல்ல எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

மூன்றாவது வழியை அந்தச் சரகர் ஆர்வமாகக் கேட்டார்: கடற்படையிலும் கடலோரக் காவல்படையிலும் இருந்து ஓய்வு பெற்றவர்கள். உச்சிப்புளியில் ஐஎன்எஸ் பருந்து, மண்டபத்தில் கடலோரக் காவல்படை நிலையம் என்று இந்தக் கரைக்குச் சீருடை புதிதில்லை. 15 வருடம் மாலுமியாக இருந்துவிட்டு முப்பத்தைந்து வயதில் ஊர் திரும்புகிறவர்கள் இந்த மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். அப்படி ஒருவரோடு ஒரு வருடம் வேலை செய்தேன். கிளம்பும் முன் உயிர்காப்பு அங்கியை ஒவ்வொருவர் உடம்பிலும் இழுத்துப் பார்ப்பார். என்ஜின் ஓடிய மணிக்கணக்கை நோட்டில் எழுதுவார். விஎச்எஃப் ரேடியோவில் அவசர அழைப்புக்கான 16ஆம் சேனலை எப்போதும் திறந்து வைத்திருக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். அதுவரை எங்கள் ரேடியோ அலமாரியில் இருந்தது.

குறை இரண்டு. ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு இடுப்பளவுத் தண்ணீர் பழக்கமில்லை. தீவுக்கும் பாருக்கும் நடுவே வேகமாகப் போனால் புரொப்பெல்லர் பவளத்தை வெட்டும். எதைக் காக்க வந்தோமோ அதையே உடைப்பது மனதுக்குக் கஷ்டம். இன்னொன்று, அவர்களை ஒப்பந்தத்தில்தான் எடுக்க முடிகிறது. வருடம் முடிந்தால் புதுப்பிக்கக் கடிதம், கடிதத்துக்குப் பதில் வரும்வரை படகு கரையில். அவர்களை ரோந்துக்கு எடுப்பதைவிடப் பயிற்சி கொடுக்க எடுப்பது பல மடங்கு பலன் தரும் என்பது என் கருத்து.

சரி, நான்காவது வழி. இந்தக் கரை மீனவப் பிள்ளைகளையே எடுப்பது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இதில்தான் நல்லதும் அதிகம், சிக்கலும் அதிகம்.

எங்கள் படகில் தினக்கூலிக் காவலராக ஒரு பையன் இருந்தான். பத்தொன்பது வயது. ஒரு நாள் விடியற்காலை மூன்று வத்தைகள் நின்றன. எனக்கு மூன்றும் ஒன்றுபோல்தான் தெரிந்தன. அவன் நடுவில் நின்றதைக் காட்டி, "சார், இந்த நீவாட்டுக்கு அந்த இடத்துல வலை நிக்காது. மீனுக்கு வந்தவன் அங்க நங்கூரம் போட மாட்டான். அட்டைக்குத்தான் நிக்கிறாங்க" என்றான். நீவாடு என்றால் கடல் நீரோட்டம். போனோம். ஈரச் சாக்கில் அட்டை. அவன் சொன்னதை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. அப்பாவோடு ஏழு வயதிலிருந்து கடலுக்குப் போனவனுக்குக் கண்ணில் படுவது நமக்குப் படாது.

வெளியூர்க்காரர்களுக்காக அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. 2001இல் கடல் அட்டையை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். பிடித்தாலோ வைத்திருந்தாலோ குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஏழு வருடம் சிறை. எதிர்க்கரையில் இலங்கையில் உரிமம் வாங்கினால் பிடிக்கலாம். இந்த வித்தியாசம்தான் கடத்தலுக்கு வழி. இங்கே பிடித்து, பனங்காட்டுக்குள் அவித்துக் காயவைத்து, இரவில் அந்தப் பக்கம் அனுப்புகிறார்கள். ஒரே நாளில் கடல், காடு, கரை மூன்றிலும் பின்தொடர வேண்டிய குற்றம் இது. ஊர்ப் பேச்சு காதில் விழுகிற ஆள் இல்லாமல் பிடிக்கவே முடியாது.

இப்போது சிக்கல். அதே பையன் இருந்த படகு ஒரு நாள் பிடித்தது அவனுடைய தாய்மாமனை. மாமன் இவனைப் பார்த்து, "நீயாடா?" என்று ஒரு வார்த்தைதான் கேட்டார். பையன் தலையைக் குனிந்துகொண்டு மூட்டையை எங்கள் படகுக்கு மாற்றினான். வழக்கு பதிவானது. அவன் தவறவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவன் அம்மாவைச் சொந்தத்தில் நடந்த ஒரு நிச்சயதார்த்தத்துக்கு யாரும் அழைக்கவில்லை. கல்யாணத்துக்கும் அழைக்கவில்லை. அவன் என்னிடம் வந்து, "சார், என்னை வேற பக்கம் போட்டுருங்க" என்று கேட்டதை நான் இன்னும் மறக்கவில்லை. தினக்கூலிக்கு மாறுதல் ஏது? என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. எங்கள் படகு கிளம்பும் நேரத்தைப் போனில் சொல்லிவிட்ட ஒருவனையும் பார்த்தேன். மீனவப் பிள்ளை என்றாலே நேர்மை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் சொந்த ஊர்க் கடலிலேயே, சொந்தக்காரர்கள் நடுவிலேயே ஒருவரை நிறுத்திவைத்துவிட்டு, அவர் தடுமாறினால் அவரைக் குற்றம் சொல்வது சரியில்லை. மண்டபத்துப் பிள்ளையைக் கீழக்கரைச் சரகத்திலும் கீழக்கரைப் பிள்ளையை மண்டபத்திலும் போடலாம். ஒரு குறிப்பிட்ட பாரின் அடையாளம் முதலில் தெரியாது, ஒரே பருவத்தில் தெரிந்துவிடும். காற்றையும் நீவாட்டையும் படிக்கிற கண் எந்த ஊர்க் கடலிலும் வேலை செய்யும்.

இதைவிடப் பெரிய குறை அந்தத் தினக்கூலிதான். படகை ஓட்டியவன், ஆளை மறித்தவன், மூட்டையைத் தூக்கியவன் அவன். மகஜரில் அவன் வெறும் சாட்சி. எத்தனை வருடம் உழைத்தாலும் நிரந்தரம் எப்போது என்று தெரியாது. தேர்வு எழுதலாம் என்றால் இரவு ரோந்து முடித்துவிட்டு எப்போது படிப்பது? கடைசியில் அந்தப் பையன் வளைகுடா நாட்டுக்கு ஒரு மீன்பிடிப் படகில் வேலைக்குப் போய்விட்டான். நாங்கள் பல வருடம் செலவழித்து உருவாக்கிய ஒரு காவலரை இழந்தோம். கூலியாக எடுப்பது இந்த நான்காவது வழி ஆகாது. சீருடையும் நிரந்தரமும் கொடுத்து எடுப்பதைத்தான் நான் சொல்கிறேன்.

அது சட்டப்படி முடியுமா என்று சரகர் கேட்டார். முன்மாதிரி நம் துறைக்குள்ளேயே இருக்கிறது. குரூப் 4 அறிவிப்பில் பழங்குடி இளைஞர்களுக்கென்றே தனியாக வனக்காவலர் பதவி உண்டு. காட்டில் பிறந்து வளர்ந்தவருக்குக் காடு தெரியும் என்பதுதான் அதன் அடிப்படை. அதேபோல, ஓட்டுநர் உரிமத்தோடு கூடிய வனக்காப்பாளர் என்று இன்னொரு பதவி இருக்கிறது. ஜீப் ஓட்டத் தெரிந்தவருக்குத் தனிப் பதவி இருக்கும்போது படகு ஓட்டத் தெரிந்தவருக்கு ஏன் இருக்கக் கூடாது? சாதியோ ஊரோ பார்க்க வேண்டியதில்லை. "படகு இயக்கும் திறன், கடலில் நீந்தும் திறன்" என்று இரண்டு தகுதியை எழுதினால் போதும். இந்தக் கரைப் பிள்ளைகள் தானாக முன்னால் வருவார்கள். தர்மபுரியிலிருந்து நீந்தத் தெரிந்த ஒருவர் வந்தாலும் கதவு திறந்தே இருக்கும். தேர்வின் நியாயமும் கெடாது.

பக்கத்திலும் உதாரணம் இருக்கிறது. கேரளத்தில் 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகு மீனவ இளைஞர்களைக் கடலோர வார்டன்களாக எடுத்துக் காவல்துறைப் பயிற்சி கொடுத்தார்கள். நம் ஊரில் 1994இல் தொடங்கிய கடலோரப் பாதுகாப்புக் குழுமம், மெரைன் போலீஸ் என்று நாம் சொல்வது, மீனவ இளைஞர்களை ஊர்க்காவல் படையில் சேர்த்துக்கொண்டது. மீனவர் வீட்டுப் பிள்ளைகளைக் கடற்படை, கடலோரக் காவல்படைத் தேர்வுகளுக்கும் தயார் செய்கிறது. அந்த வகுப்பில் வனக்காப்பாளர் தேர்வுக்கும் நாலு பாடம் சேர்த்தால் நமக்கு எவ்வளவு நல்ல பிள்ளைகள் கிடைப்பார்கள்!

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். நீந்தும் திறன், படகுத் திறன் என்றதும் எல்லோர் மனதிலும் ஆண்பிள்ளைதான் வருகிறான். சின்னப்பாலம் பக்கம் போய்ப் பாருங்கள். விரலில் துணி சுற்றிக்கொண்டு பாசி எடுக்க முங்கும் பெண்கள், மூச்சைப் பிடித்துக்கொண்டு பாருக்கு அடியில் கை விட்டு வருகிறவர்கள். அந்த ஊர் லட்சுமி மூர்த்திக்கு 2015இல், தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருது கிடைத்தது, கடலைக் கெடுக்காமல் பாசி எடுப்பதற்காக நின்றவர் என்பதற்காக. பூங்கா அறிவித்த நாளிலிருந்து இந்தப் பெண்களைத் தீவுப் பக்கம் வராதே என்று விரட்டித்தான் எங்களுக்குப் பழக்கம். நானும் விரட்டியிருக்கிறேன். வயதும் அனுபவமும் வந்த பிறகு அதை நினைத்து வருந்துகிறேன். அவர்கள் மகள்கள் இப்போது பிளஸ் டூ முடிக்கிறார்கள். 16 கிலோமீட்டர் நடையோடு ஒரு கடல் சோதனையும் வைத்தால் முதல் வரிசையில் நிற்கப்போவது அவர்கள்தான். படகில் ஒரு பெண் காப்பாளர் இருந்தால் பாசி எடுக்கிற பெண்களோடு பேச்சும் வேறு மாதிரி இருக்கும்.

அப்புறம் பயிற்சி. தேறியவர்கள் இப்போது தேனி மாவட்டம் வைகை அணையில் இருக்கும் தமிழ்நாடு வனவியல் பயிற்சிக் கல்லூரிக்குப் போகிறார்கள். கவாத்து, மரம், விலங்கு, நில அளவை, சட்டம் என்று அங்கே சொல்லிக் கொடுப்பதில் பெரும்பகுதி எங்களுக்கும் வேண்டியதுதான். சட்டத்தை அங்கேயே படிக்கட்டும். கடற்கரைக்கு நியமனம் ஆகிறவர்கள் கடைசிப் பகுதியை மண்டபத்தில் முடிக்கட்டும் என்பதுதான் என் யோசனை. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அந்த நிறுவனத்தின் தலைமையகமே ஒரு காலத்தில் மண்டபத்தில்தான் இருந்தது. காய்ந்து சுருங்கிய அட்டையை எது என்ன இனம் என்று அடையாளம் காட்ட, கடல் குதிரையைப் பிரித்தறிய அங்கே உள்ளவர்களைவிட நல்ல ஆசிரியர் கிடைக்க மாட்டார்கள். நீதிமன்றத்தில் எத்தனையோ வழக்கு, பிடித்தது என்ன உயிரினம் என்பதைத் தெளிவாக எழுதாததால் பலவீனப்படுகிறது. படகு ஓட்டவும் உயிர் காக்கவும் கோவாவில் தேசிய நீர் விளையாட்டு நிறுவனம் பயிற்சி கொடுக்கிறது. வருடத்துக்கு இரண்டு பேரை அனுப்பி, திரும்பி வந்ததும் அவர்களையே மற்றவர்களுக்கு ஆசிரியர் ஆக்கலாம். நான் சொன்ன முன்னாள் மாலுமியை இங்கே உட்கார வைத்தால் ரேடியோ, என்ஜின், முதலுதவி மூன்றும் முடிந்தது.

மீனவப் பிள்ளைகளுக்கும் பயிற்சி வேண்டாம் என்று நினைக்கக் கூடாது. கடல் தெரிந்தவர்கள் அங்கி போட மாட்டார்கள், அது கூச்சம். "நான் பொறந்ததுலேருந்து கடல்ல இருக்கேன்" என்பார்கள். அந்தப் பழக்கத்தை முதல் வாரத்திலேயே மாற்ற வேண்டும். மகஜர் எழுதுவது, பிடிபட்டவரை அடிக்காமல் பேசுவது, பெண்கள் இருக்கும் படகை எப்படிச் சோதிப்பது, இவையெல்லாம் அவர்களுக்கு வகுப்பில்தான் வரும். வைகை அணையில் அவர்கள் படிக்க வேண்டியது இதைத்தான். சட்டத்தைச் சில மாதத்தில் மனதில் ஏற்றலாம். கடலை ஏற்ற எனக்கு இரண்டு வருடம் ஆனது என்று மேலே எழுதினேன். எந்தப் பக்கம் ஆளை எடுத்து எதைச் சொல்லிக் கொடுப்பது என்ற கேள்விக்கு என் பதில் அந்தக் கணக்கிலிருந்து வருகிறது.

ஆகவே சரகருக்கு நான் எழுதிக் கொடுத்தது இதுதான். குரூப் 4 தேர்வு அப்படியே இருக்கட்டும். கடல் சரகங்களுக்குப் படகும் நீச்சலும் தகுதியாகக் கொண்ட தனிப் பதவி ஒன்று கேளுங்கள், காப்பாளர் அளவிலும் காவலர் அளவிலும். சொந்தச் சரகத்தில் முதல் ஐந்து வருடம் போடாதீர்கள். முன்னாள் மாலுமிகளைப் பயிற்சிக்கு மட்டும் கேளுங்கள். விதி மாற நாளாகும், அதுவரை வருகிறவர்களை ரோந்துக்கு அனுப்பும் முன் மூன்று மாதம் நீச்சல் கொடுங்கள். அதற்கு யார் அனுமதியும் வேண்டாம், ஒரு ஊரணியும் ஒரு வாத்தியாரும் போதும்.

கடல் சோதனையை எப்போது வைப்பது என்றும் கேட்டிருந்தார். பங்குனியில் வைக்காதீர்கள் என்றேன். தென்கடல் அப்போது குளம் மாதிரி கிடக்கும், எல்லோரும் தேறிவிடுவார்கள். ஆனியில், கச்சான் வீசும்போது, பாதுகாப்புக்கு இரண்டு படகு பக்கத்தில் நிறுத்தி, மனோலி வரை கூட்டிப்போய் வாருங்கள்.